கழுத்துக்கும் டோலுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை

2007 ஆகஸ்ட் 4, சனி. ஔந்த்

விடாத தூறல். துணி காயவில்லை. ஹாலிலேயே கயிறு கட்டியாகிவிட்டது.

கழுத்து நேற்றைவிட மோசம். யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு சேர்ந்து திரும்புகிறேன். ஆபீசில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நாள் முழுக்க டைப் அடித்ததன் பலன்.

எங்கள் குடியிருப்பு சொசைட்டிப் பெண்களின் டோல் குழுவில், அதாவது பெரிய மேளம் அடிக்கும் குழுவில், பெயர் கொடுத்திருக்கிறேன். இந்த மராட்டிய ஊரில் இத்தனை வருடம் கணபதி ஊர்வலத்தை பால்கனியிலிருந்து பார்த்தது போதும். இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு நானும் அடிக்க வேண்டும். ஆனால் இன்று முதல் பயிற்சியிலேயே தோள் பிடித்துக்கொண்டது. குழுவை நடத்தும் வந்தனா தாயி, எல்லாருக்கும் அக்கா அவர், "டோலுக்குப் பதிலா நீங்க கொடி பிடிக்கிறீங்களா?" என்று இந்தியில் கேட்டார். அன்பாகத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. 26ஆம் தேதி முடிவு சொல்வாராம்.

ஆகஸ்ட் 6, திங்கள்

பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். ரப்பர் பட்டையை இரு கையிலும் பிடித்து இழுக்கும் பயிற்சி. மஞ்சள் இளக்கம், கறுப்பு கெட்டி. மஞ்சள் வாங்கச் சொன்னாள். கடையில் கறுப்பை வாங்கினேன். பையனுக்கு யூனிஃபார்ம் எடுத்தால் வளர்வான் என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்கும் புத்தி, வேறென்ன.

ஆகஸ்ட் 9, வியாழன்

பல்லைக் கடித்துக்கொண்டு காலை, மாலை. வலி இப்போது காதுவரை. இவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, உன்ற தோளு ரெண்டும் காதுகிட்டப் போயிருச்சு. கழுத்தயே காணோம்."

"உங்களுக்கு எல்லாமே கேலிங்க."

பட்டையை சோபாவுக்கு அடியில் எறிந்தேன். வேலைக்கு வரும் பாயி அதை எடுத்துப் பழைய பேப்பரைக் கட்டி வைத்துவிட்டாள். அதற்குத்தான் லாயக்கு.

ஆகஸ்ட் 10, வெள்ளி

பிசியோவிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மஞ்சளைக் கொடுத்துச் செய்யச் சொன்னாள். முழங்கை விலாவோடு. தோள் கீழே. முதுகில் தோள்பட்டைகள் இரண்டும் நெருங்கும்படி மெதுவாக இழுக்க வேண்டும். விடும்போது இன்னும் மெதுவாக. மூச்சை அடக்கக் கூடாது. வலி கூடினால் நிறுத்த வேண்டும்.

குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கிறது. கொஞ்சம் வெட்கம்.

ஆகஸ்ட் 15, புதன்

லீவு. வெயில்! எல்லாத் துணியும் மாடிக்கு.

தலை வாரும்போது கை தானாகப் பின்னால் போனது. பின்னி முடித்த பிறகுதான் உறைத்தது. அவிழ்த்து இன்னொரு முறை பின்னினேன், சும்மா.

வாங்க: ரவை, தேங்காய். ஆபீசில் ஹெட்போன் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பயிற்சி. பாதியில் தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கியது. நானே கவனித்து இறக்கினேன். வலி அடங்கியது. வந்தனா தாயி பார்த்துக்கொண்டே போனார். கொடிதான் என்பாரோ என்று பயமாக இருக்கிறது. ஆசையும் விடவில்லை.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

கடைசிவரை நிறுத்தாமல் அடித்தேன். வந்தனா தாயி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார். கொடி என்றுதான் நினைத்தேன். என் இடுப்புக் கயிற்றை இழுத்து, இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"ஊர்வலத்துல இது அவிழக் கூடாது."

வீட்டுக்குள் நுழைந்ததும் இவர், "கழுத்து எப்படிம்மா இருக்குது?"

கழுத்தா? அந்த நினைப்பே இல்லை. வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சோறு பிசைய முடியவில்லை. "ஊட்டி விடுங்க" என்றேன்.