சம் மணல்மேட்டில் மூமல்

அன்புள்ள அப்பாவுக்கு, ஸபூராவின் ஸலாம். அம்மாவின் இருமல் குறைந்ததா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? நான் நலம். பள்ளியில் 'ஜைசல்மேரில் பார்க்க வேண்டிய இடங்கள்' கட்டுரைக்குப் பரிசு வாங்கினேன். கோட்டையையும் கடிசர் ஏரியையும் பற்றி எழுதினேன். சம் மணல்மேட்டைப் பற்றி எழுத மட்டும் மனம் வரவில்லை.

பதறாமல் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். நம் ஒட்டகம் மூமலுக்குக் கயிறு கட்டும் மூக்குக்குச்சியைச் சுற்றிப் புண்ணாகிச் சீழ் வடிகிறது. சவாரிக்கு வந்த பெண், "ஐயோ, கண்ணுல தண்ணி வருதே, அழுவுதா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம், உங்களப் பாத்த சந்தோஷம்!" என்று கயிற்றைப் பிடித்திருந்த ஹமீர் மாமா சிரித்தார்.

பாதி மேட்டில் மூமல் உட்கார்ந்துவிட்டாள். மாமா கயிற்றைச் சுண்டச் சுண்ட ரத்தம்தான் வந்தது, அவள் எழவில்லை. சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள்.

"நாலு நாள் ஓய்வு குடுங்க மாமா" என்றேன்.

"குடுக்கலாம், வாத்தியாரம்மா! அதுவரைக்கும் உன் சோத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாரு உழைக்கிறது? உங்கப்பன் எதுக்கு அவள இங்க விட்டான்?"

அவர் சொன்னது உண்மைதானே, அப்பா.

வேப்பெண்ணெயும் நீங்கள் திரிக்கும் ஆட்டுமயிர்க் கயிறும் கொண்டுவாருங்கள். இங்கே நைலான் கயிறு அறுக்கிறது. அம்மா சுட்ட கம்பு ரொட்டி ஒன்றும் வேண்டும். வந்து மூமலைக் கூட்டிப் போய்விடுங்கள். என் புத்தகங்களையும் கட்டிவிட்டேன். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். மூமல் மேல் ஏற மாட்டேன், அப்பா. கூடவே நடந்து வருகிறேன்.

உங்கள் ஸபூரா