லில்லியை யாரும் சந்தேகிக்கவில்லை

நேற்று மாலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான தீர்மானம் நிறைவேறியது. கான்வென்ட் பள்ளியிலிருந்து என் மகள் கொண்டுவந்த லில்லிப் பூ ஒன்று வீட்டுக்குள் வரலாமா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். மகள் அழுதாள், மனைவி இரு பக்கமும் பேசினாள், நான் தலைமை வகித்தேன். முடிவில் அந்தப் பூ, எதிர் வரிசையில் பூனை இல்லாத ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போகுமுன் அதன் வாசனை மட்டும் உள்ளே வந்தது. உமது முன்னறை நினைவுக்கு வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். உமது மனைவி மறைந்தபின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, நீர் பூனையோடு பேசும் சத்தம் மட்டும். அது அந்த அம்மாள் வளர்த்த பூனை. ஆபீசில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நீர், அதனிடம் அன்றைய செய்திகள் அத்தனையும் சொல்வீர். "தொரை இன்னிக்கும் லேட்டுதாம்ட்டி" என்பீர்.

முன்னறையில் அந்த அம்மாளின் படம். ஈஸ்டர் வந்தால் அதன்முன் கண்ணாடிச் சாடியில் லில்லி வைப்பீர். அவருக்குப் பிடித்த பூ என்று, சீனத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவீர்.

ரப்பர் விலை விழுந்த ஆண்டு, ஈஸ்டர் முடிந்த கையோடு பூனை வாந்தியெடுத்தது. சாப்பாட்டை விட்டது. நான்காம் நாள் செத்தது. குவார்ட்டர்ஸ் வரிசையே கூடி விசாரணை நடத்தியது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை: என் வேலியோரத்து அரளி. அரளிக்கு நம்மவரிடையே பழைய கெட்ட பெயர்; நியாயமான பெயரும்கூட. லில்லியோ மாதா கோயில் பீடத்தில் நிற்கும் பூ. அதன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"உம்ம அரளிதாம்வே," என்றீர். கோபமாகக்கூட இல்லை. "அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

மறுநாள் அரிவாளை எடுத்து ஏழு செடிகளையும் அடியோடு வெட்டினேன்.

"பூசைக்கு இனி எதை வைக்கிறதாம்? உங்க மீசையையா?" என்றாள் மனைவி.

அந்த யோசனையை நான் பரிசீலிக்கவில்லை.

செத்த பூனையின் குட்டி ஒன்று உம்மிடம் இருந்தது. அடுத்த ஈஸ்டர் அன்று பலகைச் சுவரைப் படபடவென்று தட்டினீர். ஓடி வந்தேன். சாடி சாய்ந்து கிடந்தது. குட்டி உமது மடியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கிலும் முன்கால்களிலும் லில்லியின் மஞ்சள் தூள்.

"அன்னிக்கு அதோட அம்மா மூஞ்சியிலயும் இதே தூளுதாம்வே. அடுப்படி மஞ்சள்னு நெனச்சுட்டேன்."

"மொதல்ல தொடைப்போம். நக்கிடப் போகுது."

"உம்ம அரளி போயி ஒரு வருசம் ஆச்சுல்லா?"

"ஆச்சு."

"அப்ப நானேதான் கொன்னிருக்கேன்."

நீர் பிடித்துக்கொள்ள, நான் ஈரத்துணியால் துடைத்தேன். இருவர் கையிலும் கீறல். குட்டி இன்னும் இரண்டு தடவை வாந்தியெடுத்தது. மூன்று நாள் நீர் ஆபீசுக்கு வரவில்லை. குடும்பத்தில் நோய் என்று லீவுக் கடிதம் எழுதினீர். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் அது நெத்திலிக் கருவாடு தின்றது.

அதன்பின் படத்தின்முன் செம்பருத்திதான். முதல் நாள் நீர் படத்தைப் பார்த்து, "கோவிச்சுக்காத, என்ன?" என்றது சுவர் வழியே கேட்டது. கேட்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கிள்ளானிலிருந்து, மறுபடி நட்டுவைக்க ஏழு அரளிப் போத்துகளைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தீர். "மன்னிச்சுக்கிடும்வே," என்றீர். நான் அவற்றை எங்கள் கோயில் நந்தவனத்துக்குக் கொடுத்துவிட்டேன். அரளி அந்த ஒரு வழக்கில் மட்டும்தானே நிரபராதி.

உமது அடக்கத்தன்று மாதா கோயில் சபையார் லில்லி வளையங்களோடு வந்தார்கள். அந்தக் குட்டி, இப்போது வளர்ந்த பூனை, பெட்டிக்கு அடியில் படுத்திருந்தது. யார் விரட்டியும் நகரவில்லை. நான் வாசலில் நின்று வளையங்களை வாங்கி, வெளியே நின்ற ரிக்‌ஷாவில் அடுக்கினேன்.

"ஏன், ஒங்க சாமிக்கு ஆகாதோ?" என்றார் ஒரு பெரியவர்.

"பூனைக்கு ஆகாதுங்க."

அவர் பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் பூனையைப் பார்த்தார். பிறகு வேலியிலிருந்து செம்பருத்தி பறித்துவரச் சொன்னார்.

யாராவது ஒருவர்மேல் எல்லாரும் ஒரே குரலில் பழி சொன்னால், பீடத்தில் நிற்பவரை ஒருமுறை உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உம்மால் வந்தது. ஆபீசில் இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

பூனை எங்கள் வீட்டில் இருக்கிறது. போன மாதம் மூன்று குட்டிகள் போட்டது.