ஏழு நாள் அவகாசம்

மார்ச் 3

கோல்ஃப் மைதானத்துக் குளத்தில் நைட்ரேட் (புல்லுக்குப் போடும் உரத்திலிருந்து வருவது) லிட்டருக்கு 6 மில்லிகிராம். நாலாவது முறையாகத் தங்கமான முடிவு. அந்தக் குளத்துத் தண்ணீர் ஊறிச் சுரக்கும் தங்கச்சி வீட்டுக் கிணற்றிலோ 68. நாற்பத்தைந்தைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. அவள் பையனுக்கு இரண்டு மாதம்.

"கொதிக்க வச்சுத்தான் பால் கரைக்கிறேன் அக்கா" என்றாள். கத்திவிட்டேன். "கொதிக்க வச்சா நைட்ரேட் போகாதுடி, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் ஏறும்!" பதினஞ்சு வருஷமா தண்ணியைத்தானே சோதிக்கிறேன், கூடப் பிறந்தவகிட்ட இதைச் சொல்லத் தோணலையே.

கேன் தண்ணீர் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5

நாங்கள் தண்ணீர் மாதிரி எடுக்கப் போகும் முன் மைதானத்துக்கு ஏழு நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி. அந்த ஏழு நாளும் அங்கே உரம் கிடையாது. குளத்தை இறைத்துப் புதுத் தண்ணீர் விடுகிறார்கள். நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போது மேலாளர் (பச்சைத் தொப்பி என்று பெயர் வைத்திருக்கிறேன்) ஜூஸோடு நிற்கிறார், சம்பந்தியை வரவேற்பது போல.

மார்ச் 6

விதியை மூன்று முறை படித்தேன். 'ஏழு நாளுக்குக் குறையாமல்.' அதற்கு மேல் போகக் கூடாது என்று எங்கே இருக்கிறது? நோட்டீஸில் எழுதினேன்: மார்ச் 13 முதல் ஏதாவது ஒரு நாள்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏதாவது ஒரு நாள்னா?"

"ஜீப் கிடைக்கிற நாள் சார்."

எங்கள் ஜீப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதா! கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 19

பச்சைத் தொப்பி போன். "மேடம், இன்னிக்கு வர்றீங்களா?"

"வரலாம்."

மார்ச் 20

"வரலாம்."

மார்ச் 30

தங்கச்சி வீட்டு மொட்டை மாடியிலிருந்து மைதானம் முழுக்கத் தெரியும். தினமும் தகவல் வருகிறது. "அக்கா, உரம் போடாம ஏழாவது குழிகிட்ட புல்லு வெளுத்துப்போச்சு. பார்க்கவே பாவமா இருக்கு."

நான் இவ்வளவு கெட்டவளா? அப்படித்தான் போலிருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

ஏப்ரல் 8

அடுத்த வாரம் அங்கே பெரிய போட்டி. தங்கச்சி மூச்சு வாங்கப் பேசினாள்: "மூட்டை மூட்டையா உரம் இறக்கறாங்க அக்கா! கையோட தண்ணியும் பாய்ச்சறாங்க!"

ஏப்ரல் 9

ஜீப் கிடைத்தது. ஜூஸ் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே மேடம்."

"சொல்லிட்டுத்தானே சார் வந்தோம். ஒரு மாசம் முன்னாடியே."

ஏப்ரல் 11

குளத்தில் 93! ஆய்வகத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடியிருப்பேன் — சட்டென்று பையன் முகம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 28

மைதானத்துக்கு உத்தரவு போய்விட்டது. உரம் பாதி. குளத்தைச் சுற்றி அறவே கூடாது.

செப்டம்பர் 14

கிணற்றில் 31. போன மாதம் 34. நேரில் போய்ச் சொன்னேன். "இனிமே பையனுக்குக் கொடுக்கலாம்டி."

தங்கச்சி ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரை என் முன்னால் வைத்தாள். "முதல்ல நீ குடி."

கடைசிச் சொட்டு வரை குடித்தேன். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தாறு வயதுக்காரி குடிப்பதால் கைக்குழந்தை விஷயத்தில் எதுவும் நிரூபணமாகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் பால் கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.