ஆவணிக்குள் சுக்கு வாயை மூட வேண்டும்

ஜூலை 9

வெளியூர்க்காரர்கள் சாரல் என்று ரசிக்கிறார்கள். நான்கு நாளாகக் கொடியில் காயாத பாவாடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அது மழை.

நேற்று இரவு சுக்கு குரைத்த நேரங்கள்: பதினொன்றரை, பன்னிரண்டே முக்கால், இரண்டு, மூன்றேகால். பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு நான் ஒழுங்காக எழுதும் ஒரே வருகைப் பதிவேடு இதுதான். ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை.

அப்பாவுக்கு ஐந்தருவியில் நேந்திரம் சிப்ஸ் கடை. இரவு அவர் கொண்டுவரும் மூட்டையைக் கால் கிலோ கவர்களில் போட்டு ஒட்டுவது என் வேலை. அடியில் தங்கும் உடைசல் சுக்குவுக்கு. அவன் குரைத்த நான்கு தடவையும் எழுந்துபோய் ஒரு கை போட்டேன். உடனே வாயை மூடிக்கொண்டான். என் பேச்சுக்குக் கட்டுப்பட ஒரு ஜீவனாவது இருக்கிறது என்று பெருமையாக வந்து படுத்தேன்.

ஜூலை 11

அம்மா மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து சுக்குவின் கழுத்தில் கட்டினாள். காலையில் கயிறு இல்லை. தின்றிருக்கிறான். குரைப்பு இருக்கிறது.

ஜூலை 15

வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி எங்கள் பக்கத்துப் போர்ஷனில்தான் இருக்கிறார். பஸ் டிரைவர். முதல் நடை அவருடையது. மூன்றரைக்கு எழுந்து டிப்போவுக்குப் போக வேண்டும். இன்று அப்பாவிடம் பேச வந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார்.

“நேத்து கடையநல்லூர் தாண்டுதப்போ கண்ணு ஒரு செகண்டு சொக்கிட்டு. பின்னால அம்பது பேரு இருக்காவ. நான் என்ன செய்ய, நீரே சொல்லும்.”

நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரையும் வீடு மாறச் சொல்ல மாட்டாராம். ஆவணி பிறப்பதற்குள் நாயா, வீடா என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாய் என்னுடையது, பேச்சு வாங்கியது அப்பா. சுக்கு மட்டும் அண்ணாச்சியின் காலை நக்கி, கேட்வரை போய் வழியனுப்பி வைத்தான். அவனுக்குத் தெரிந்த மரியாதைகூட எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 16

முடிவு செய்துவிட்டார்கள். நாய்தான் போக வேண்டும்.

புளியரையில் நல்லகண்ணு அண்ணாச்சிக்கு வாழைத் தோப்பு இருக்கிறது. எங்கள் கடைக்குக் காய் அங்கிருந்துதான் வருகிறது. அவர் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருக்கிறாராம். அப்பா போன் போட்டுப் பேசி, ஆவணிக்கு முன்னால் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். நான் சிப்ஸ் கவரை ஒட்டிக்கொண்டே அழுதேன். ஒரு கவர் கோணலாக ஒட்டிக்கொண்டது.

அம்மா பார்த்துவிட்டாள். “வேண்டாம்னா வாயத் திறந்து சொல்லுட்டி. நாய்க்கு இருக்குத வாயில பாதி ஒனக்கு இருந்தா நமக்கு இந்தப் பாடே இல்ல.”

உண்மைதான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் ஆள் வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அம்மா ஒரு மாதத்தில் எழுந்து நடந்துவிட்டாள். நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. கொல்லைக்குப் போய்ச் சுக்குவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான்.

ஜூலை 19

தென்காசி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன். முன்னால் ஏழு ஆடு, ஒரு பசு. ஆடுகளோடுகூடப் பேச்சுக் கொடுக்க முடியாமல் நின்றேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். சோறு என்றேன். சிப்ஸ் என்று சொன்னால் ஆட்டுக்காரர்கள் சிரிப்பார்களே.

“ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா. பகல் பூரா கட்டிப் போட்டா ராத்திரிதான் அவனுக்குப் பகல். தினமும் காலைல நல்லா ஓட விடு. தண்ணி ரொம்பக் குடிக்கானா?”

தலையை ஆட்டினேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. அடுத்த ஆட்டைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூலை 21

யாரும் பார்க்காத நேரமாக, காலை நாலரை மணிக்கு மேலகரம் ரோட்டில் இறங்கினேன். சீசனில் அப்படி ஒரு நேரமே கிடையாது என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை பாருங்கள்! (யாரைப் பாருங்கள் என்கிறேன்? இதை யார் படிக்கப் போகிறார்கள்?) தலையில் எண்ணெய் வழிய வேன் வேனாக ஆட்கள். சுக்கு ஓடினான். கயிற்றின் மறுநுனியில் நான் பறந்தேன்.

ஒரு வேனிலிருந்து குரல் வந்தது: “எக்கா, நாய் ஒன்ன எங்க கூட்டிட்டுப் போவுது?”

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடியதால் கரண்ட் கம்பம் தெரியவில்லை.

நெற்றியில் வீக்கம். இரவு குரைப்பு: மூன்று. ஒன்று குறைந்திருக்கிறது. கம்பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் இன்னும் மூன்று கம்பம் பாக்கி.

ஜூலை 25

பேய் மழை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. நேற்றும் இன்றும் அப்பா கடை திறக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று இரவு சுக்கு ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

ஜூலை 26

நேற்றும் சத்தமில்லை. மூச்சு இருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். மழைக் குளிரில் சுருண்டு கிடக்கிறான் போல. அப்பாவுக்கு வியாபாரம் கெட்டுப்போய் எனக்கு நாய் நிலைக்க வேண்டுமா? ஆமாம் என்றுதான் மனசு சொல்கிறது. என்ன பிள்ளையோ நான்.

ஜூலை 28

தடை நீங்கியது. கடை திறந்தாயிற்று. சிப்ஸ் மூட்டை வந்தது. குரைப்பும் வந்தது, நான்கு.

இரண்டாவது தடவை டார்ச்சோடு போனேன். சாயங்காலம் நிரப்பி வைத்த தண்ணீர்ச் சட்டி காலி. சுக்கு கேட்டைப் பிறாண்டிக்கொண்டு நின்றான். திறந்தேன். அண்ணாச்சியின் ஸ்கூட்டர் அருகில் போய்க் காலைத் தூக்கினான். தூக்கிய காலை இறக்கவே இல்லை. அவ்வளவு நேரம்.

கையில் ஒரு பிடி சிப்ஸோடு நான் நின்றேன். கையைப் பார்த்தேன்.

உப்பு.

ராத்திரி ராத்திரி உப்புச் சிப்ஸைப் போட்டிருக்கிறேன். தாகத்தில் சட்டித் தண்ணீரையும் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு வரும்போது கதவைத் திற என்று கூப்பிட்டிருக்கிறான். நான் போய் இன்னும் ஒரு பிடி போட்டிருக்கிறேன்! கடை மூடிய நாட்களில் உடைசல் இல்லை, அதனால் குரைப்பும் இல்லை. இது போதாதென்று, குரைத்தால் சிப்ஸ் வரும் என்று அவனுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டவள் நடத்திய வகுப்பு. மாணவன் நூற்றுக்கு நூறு.

டாக்டரம்மா கேட்டாரே, தண்ணி குடிக்கானா என்று. நேராகக் கேட்டாரே. மடச்சி.

ஜூலை 30

உடைசலை நிறுத்திவிட்டேன். பத்து மணிக்கு வெளியே கூட்டிப் போய் வருகிறேன். இனி அடங்குவான் என்று நினைத்தேன்.

எங்கே? இரண்டு இரவும் முன்னைவிட மோசம். இப்போது தாகமும் இல்லை, முட்டலும் இல்லை. கடை மூடிய நாட்களில் மூட்டையே வீட்டில் இல்லை; இப்போது வாசம் பிடித்துக்கொண்டு, பாக்கி சிப்ஸ் எங்கே என்று கேட்கிறான். நான் காதில் தலையணையை அமுக்கிக்கொண்டு கிடந்தேன். எழுந்து போனால் வகுப்பு மறுபடி தொடங்கிவிடும். இரண்டு மணிக்கு அண்ணாச்சி வீட்டில் லைட் எரிந்தது. ஐயோ அந்த ஐம்பது பேர்—

அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்வரை மூன்று தடவை போய்த் திரும்பினேன். பிறகு லெட்டர் எழுதினேன். நான்கு தாள் கிழித்து ஐந்தாவதை அவர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஜூலை 31

அண்ணாச்சி லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அப்பா, அம்மா இருவரும் கடையில். ஒளியக் கதவு தூரத்தில் இருந்தது.

“எழுத்து முத்து முத்தா இருக்கு. ஏட்டி வேல்விழி, நாலு எட்டுல இருக்குத ஆளுக்கு லெட்டரா?”

நான் கேட்டைப் பார்த்துச் சொன்னேன். “இன்னும் அஞ்சு நாள் அண்ணாச்சி.”

“அதுவரைக்கும்?”

“குரைப்பான். நான் எந்திரிச்சுப் போக மாட்டேன். போனா பழையபடி ஆயிரும்.”

அண்ணாச்சி லெட்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சுக்கு அவர் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தான்.

“அஞ்சு நாளும் நான் டிப்போலயே படுத்துக்கிடுதேன். ஆனா ஆவணி ஆவணிதான். பாத்துக்கோ.”

அவர் போன பிறகுதான் கவனித்தேன், கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உள்ளங்கை முழுக்கத் துரு.

ஆகஸ்ட் 4

பதினொன்றேகாலுக்கு இரண்டு குரை. பிறகு ஒரு பெருமூச்சு. நாய் பெருமூச்சு விடும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 5

ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6

ஒன்றுமில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். காலை ஓட்டத்தில் இப்போதெல்லாம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். வேன்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், கம்பமாவது தெரிகிறது.

ஆகஸ்ட் 10

இனி சுக்கு இருக்கலாம் என்று வீட்டுக்கார அண்ணாச்சியே அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் அப்பா அசையவில்லை. “சொன்ன வாக்க எப்படி மாத்த? காய் தருத மனுசன்லா” என்கிறார். நல்லகண்ணு அண்ணாச்சியைப் பகைத்துக்கொண்டால் சீசன் நடுவில் காய்க்கு எங்கே போவது என்று அவருக்குக் கவலை.

நல்லகண்ணு அண்ணாச்சி வரும்போது நானே சொல்லப் போகிறேன். ‘சுக்குவைக் கொடுக்க எனக்கு மனசில்லை, மன்னிச்சிருங்க.’ கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிற்கிறது.

ஆகஸ்ட் 15

வந்துவிட்டார். கடையில் வாழைத்தார் இறக்கிவிட்டு அப்பாவோடு டெம்போவில் வந்தார். இரவு மணி பத்தரை. சுக்கு வெளியே போய்வந்து, சாக்கில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

நல்லகண்ணு அண்ணாச்சி குனிந்து கையைத் தட்டினார். சுக்கு ஒரு கண்ணைத் திறந்தான். வாலால் ஒரு தட்டு. கண்ணை மூடிக்கொண்டான்.

“அசந்திருக்கான் அண்ணாச்சி. ஆரம்பிச்சான்னா நிறுத்த மாட்டான்” என்றார் அப்பா.

அவர் என் பக்கம் திரும்பினார். “வளத்தது நீதானம்மா? நீ சொல்லு. ராத்திரி குரைப்பானா?”

ஐந்து நாளாகப் பாடம் பண்ணிய வாக்கியத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. வேறு வந்தது. “குரைக்க மாட்டான். நான்தான் நிப்பாட்டினேன்.”

எப்படி என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. உப்பு, தண்ணீர்ச் சட்டி, ஸ்கூட்டர், காலை ஓட்டம், கரண்ட் கம்பம் எல்லாம் வரிசையாக வந்தது. சுக்குவை நிறுத்தத் தெரிந்த எனக்கு என்னை நிறுத்தத் தெரியவில்லை. அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

நல்லகண்ணு அண்ணாச்சி சிரித்தார். “எனக்குக் காட்டுப் பன்னி வாழையத் தோண்டிப் போடுது. இவனக் கொண்டு போனா பன்னி பக்கத்துலயே படுத்துக்கிடுவான். நீயே வச்சுக்கோ தாயி.” அடுத்த வாரம் காய் எத்தனை தார் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு டெம்போவில் ஏறிவிட்டார்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார், இலையில் முதல் ரசம் இருக்கும்போதே.

உடைசலைப் போட்டால் ஒரே வாரத்தில் சுக்கு பழையபடி குரைப்பான். அதை மட்டும் நல்லகண்ணு அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18

நேற்று ஆவணி ஒன்று. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று ஓட்டத்தில் ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஐந்தருவிக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்கள். கையெல்லாம் காட்டி விவரமாகச் சொன்னேன். வேன் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் சொன்னது பழைய குற்றாலத்துக்கு வழி.

முன்பு என்றால் அப்படியே வீட்டுக்கு ஓடி வந்திருப்பேன். ஸ்பீடு பிரேக்கரில் வேன் மெதுவாகப் போனது. நானும் சுக்குவும் விரட்டிப் பிடித்தோம். கண்ணாடியைத் தட்டிச் சரியான வழியைச் சொன்னபோது இரண்டு பேருக்கும் நாக்கு வெளியே தொங்கியது.