புங்க மரமும் ஒரு வாரக் குளிரும்

பாலாநகர்
டிசம்பர் 9

அப்பாவுக்கு,

ஹம்சா எழுதறேன். நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லாதான் இருப்பீங்க, கோவமா இருக்கறவங்களுக்கு ஜலதோஷம் கூட வராது.

"இனிமே எனக்கு போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்"னு சொன்னீங்க. லெட்டர் எழுதாதேன்னு சொல்லல. அம்மா சனிக்கிழமையானா கேரியர தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றா. காலி கேரியரோட அடித்தட்டுல இத வெச்சு அனுப்பறேன். இங்கிலீஷ்ல எழுதினா கையால கூட தொட மாட்டீங்கன்னு சொன்னா. அதான் தமிழ். நான் பேசற தமிழ்தான் வரும். வேற தமிழ் என்கிட்ட கிடையாது.

ரூம் சின்னதுதான். ப்ரியாவும் நானும் இருக்கோம். நீங்க முப்பது வருஷம் இறங்கின பஸ் ஸ்டாப்புக்கு எதிர் சந்து. வேல அதேதான், மொட்டமாடிக்கு வெள்ள பெயின்ட். வெயில திருப்பி அனுப்பற பெயின்ட். ஆனா இப்ப ஆர்டரே இல்ல. எங்க மேஸ்திரி அப்துல் ரஹீம் பாய் சொல்றாரு, "டிசம்பர்ல ஒருத்தனுக்கும் மே மாசம் ஞாபகம் இருக்காது, மகளே. ஏப்ரல்ல பாரு, போன் பண்ணி அழுவாங்க"ன்னு.

விஷயத்துக்கு வர்றேன். புங்க மரத்த வெட்ட ஆள் சொல்லி, பர்மிஷனுக்கும் எழுதிப் போட்டுட்டீங்களாமே? அம்மா வாய் தவறி சொல்லிட்டா. எதுக்கு? அது என்ன பண்ணுச்சு உங்கள? என்மேல இருக்கற கோவத்த அதுமேல காட்டாதீங்க. வெட்டக் கூடாது. அவ்ளோதான்.

ஹம்சா

வத்தக்குழம்பு நல்லா இருந்துச்சு. அம்மாவுக்கு சொல்லிட்டேன், உங்களுக்கும் சொல்றேன். வெங்காயம் உரிச்சது நீங்கன்னு தெரியும்.


மாரெட்பள்ளி
டிசம்பர் 14

அன்புள்ள ஹம்சாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் ரசத்தில் பாதி நனைந்து வந்தது. இருந்தாலும் படிக்க முடிந்தது. அடுத்த முறை மேல்தட்டில் வை.

உன் மேல் உள்ள கோபத்துக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரு வாரமாக இங்கே அடிக்கும் குளிர் உனக்குத் தெரியாதா? இன்று பேப்பரில் பதினொரு டிகிரி என்று போட்டிருக்கிறான். தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாகிவிட்டது. அதைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். உன் அம்மாவுக்குக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. நேற்று காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டாள். போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். காலை வெயிலில் அரை மணி உட்காரச் சொல்கிறார் டாக்டர். எங்கே உட்காருவது? வராண்டா முழுக்க அந்தப் புங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கீற்று வெயில் உள்ளே விழுவதில்லை. இருட்டும் ஈரமுமாகக் குகை மாதிரி இருக்கிறது.

ஆகவே வெட்டுகிறேன். சங்கராந்தி கழிந்ததும் ஆள் வருகிறான்.

உலகமே சூடாகிறது என்று நீயும் உன் சிநேகிதியும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்தச் சூட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பு. மூன்றாவது வருஷத்தில் காலேஜை விட்டுவிட்டு மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறாயே, அந்தப் பெயின்ட் இந்தக் குளிருக்கு என்ன செய்யும்?

உன் பழைய ரஜாயை அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போர்த்திக்கொள்.

அன்புடன்,
அப்பா


பாலாநகர்
டிசம்பர் 20

அப்பாவுக்கு,

ரஜாய் வந்துச்சு. ப்ரியா புடுங்கிக்கிட்டா. தேங்க்ஸ்.

அம்மா விரல் விஷயம் எனக்கு தெரியாது. என்கிட்ட கையுறைய கழட்டவே இல்ல அவ, ஸ்டைலுக்குன்னு நெனச்சேன். சாரி. ஆனா மரம் வெட்டறது தப்புதான். கேளுங்க.

ஆயுதபூஜை அன்னிக்கு உங்க ஃபேக்டரிக்கு கூட்டிட்டு போனீங்களே, நான் நாலாவதோ என்னவோ படிச்சப்போ. விமானத்துக்குள்ள வைக்கற பார்ட்ஸ டெஸ்ட் பண்ற ரூம். ரெண்டு பெட்டி இருந்துச்சு. ஒண்ணுல ஐஸ் மாதிரி குளிர வெச்சு, உடனே கொதிக்க வெச்சு, திரும்ப குளிர வெப்பீங்க. இன்னொண்ணு ஆடாம அசங்காம ஒரே சூட்டுல, கொஞ்சமே கொஞ்சம் ஜாஸ்தி சூட்டுல, வாரக்கணக்கா கிடக்கும். ஏஜிங் சேம்பர்னு சொன்னீங்க. நான் அதோட கைப்பிடிய தொட்டேன், "தொறக்காதே, ரீடிங் போயிடும்"னு கத்தினீங்க. நான் அழுதேன். லட்டு வாங்கி குடுத்து சமாதானம் பண்ணீங்க. அப்போ கேட்டேன், எந்தப் பெட்டி மோசம்னு. நீங்க சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு: "குளிர்ந்து கொதிக்கறத பார்ட்டு தாங்கிடும்மா. சத்தமில்லாம உக்காந்து வேகுது பாரு, அதுலதான் எங்க லேப்ல ஜாஸ்தி கெட்டுப் போகும்."

இப்ப அதே நீங்க ஒரு வாரக் குளிர காட்டறீங்க. ஒரு வாரம் நடுங்கும், அடுத்த வாரம் காயும், அது ஆட்டம். எப்பவும் இருந்தது, எப்பவும் இருக்கும். அந்த ஆட்டத்துக்கு அடியில தரையே மெதுவா மேல ஏறுது, அதத்தான் நான் சொல்றேன். நம்ம வீட்டு கூலரயே பாருங்க. நான் சின்னவளா இருந்தப்போ ஏப்ரல் பாதில பரண்லேர்ந்து எறக்குவீங்க. அப்புறம் உகாதிக்கு. அப்புறம் ஹோலி முடிஞ்ச கையோட, மார்ச் பாதிலயே. யார் சொல்லி எறக்கினீங்க? நீங்களே தான்.

இன்னொண்ணு. சொல்ல நக்கோ, வேணவே வேணாம்னு அம்மா சத்தியம் வாங்கினா. உடைக்கறேன். போன மே மாசம் நீங்க சைனிக்புரில யாரோ ஃப்ரெண்டு வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு போனீங்களே, அன்னிக்கு அம்மா அடுப்படில மயங்கி விழுந்துட்டா. கண்ண தொறந்து என்னையே "யாரு?"ன்னு கேட்டா. நான்தான் இழுத்துட்டு போய் மரத்தடில போட்டு தலையில தண்ணி ஊத்தினேன். அந்த நிழல்லதான் எழுந்து உக்காந்தா. உக்காந்ததும் மொத பேச்சு, "அப்பாகிட்ட சொல்லாதே, பயந்துடுவாரு."

அந்த மரத்தத்தான் வெட்டப் போறீங்க.

ஹம்சா


மாரெட்பள்ளி
ஜனவரி 4

அன்புள்ள ஹம்சாவுக்கு,

போன வாரமே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

மயங்கி விழுந்ததை உன் அம்மாவிடம் கேட்டேன். "அது பித்தம்" என்றாள். நான் விடவில்லை. "பெண்ணும் அப்பாவும் பேசிக்கொள்ளாத வீட்டில் நான் எதையெல்லாம் யாரிடம் சொல்வது?" என்று கேட்டுவிட்டு மாவரைக்கப் போய்விட்டாள். முப்பது வருஷக் கல்யாணத்தில் வசந்தகுமாரி என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

லேபில் நான் சொன்னது உனக்கு இவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியாது. சொன்னது சரிதான். மறுக்கவில்லை.

ஆனால் அதே நியாயத்தை உன்னிடமும் கேட்கிறேன். ஒரு வாரக் குளிரைப் பார்த்து மரத்தை வெட்டக் கூடாது என்கிறாய். ஒரு பரீட்சை போனதற்கு நீ படிப்பையே வெட்டினாயே, அது மட்டும் எப்படிச் சரி? யாருக்குத்தான் ஒரு வருஷம் சறுக்கவில்லை? அதுவும் நீ சொல்லும் ஆட்டம்தானே?

ஆகவே ஒன்று சொல்கிறேன். காலேஜ் ஆபீசில் விசாரித்தேன். திரும்பச் சேர இன்னும் வழி இருக்கிறதாம். நீ போ. நான் மரத்தை விடுகிறேன்.

யோசித்து எழுது.

அப்பா


பாலாநகர்
ஜனவரி 9

அப்பா,

யோசிக்கவே இல்ல. நக்கோ.

மரத்த வெச்சு பேரம் பேசறீங்களா? அது நிக்கணும்னா நான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எழுதணுமா? பக்கத்து வீட்டு நூர் முகமது அங்கிள்கிட்ட சொல்லிப் பாருங்க, வேலி தாண்டி வந்து சிரிப்பாரு.

ஒரு பரீட்சையாம். அப்பா, நெஜமாவே உங்களுக்கு அப்படித்தான் தெரியுதா? மொத செம்ல ஒரு பேப்பர் போச்சு. "பாவம், காய்ச்சலோட எழுதினா"ன்னு நீங்களே எல்லார்கிட்டயும் சொன்னீங்க. அடுத்த செம்ல ரெண்டு. "லெக்சரர் சரியில்ல." அப்புறம் நாலு. "சனிப்பெயர்ச்சி." அதுக்கப்புறம் எத்தனன்னு நான் சொல்லல, நீங்களும் கேக்கல. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம், ஒவ்வொரு தடவையும் "அடுத்த தடவ சரியாயிடும்". நான் கிளாஸ்ல உக்காந்தா போர்டு தெரியும், எழுத்து தெரியும், ஒண்ணும் உள்ள போகாது. அது காய்ச்சல் இல்ல. மொத நாள்லேர்ந்து ஏறிட்டே இருந்த சூடு. கடைசில நான் வெளிய வந்தப்போ உங்களுக்கு மட்டும் அது திடீர்னு நடந்த மாதிரி இருந்துச்சு.

குளிருக்கு ஒரே வாரத்துல முடிவு எடுத்துட்டீங்க. எனக்கு மட்டும் வருஷக்கணக்கா "பார்க்கலாம்"னு இருந்தீங்க.

 

மரம் உங்க வீட்ல இருக்கு. வெட்டணும்னா வெட்டுங்க. நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா ஏப்ரல்ல ரோலரும் பக்கெட்டும் எடுத்துட்டு வந்து நம்ம மாடில ரெண்டு கோட் அடிச்சிட்டு போவேன். நீங்க கதவ தொறக்கலேன்னா ரஹீம் பாயோட ஏணி இருக்கு.

ஒரே ஒரு கேள்வி. விரல் அம்மாவோடது, மயங்கினது அம்மா. நீங்க வெட்டணுங்கறீங்க, நான் வேணாங்கறேன். ரெண்டு பேர்ல யாராவது அவள கேட்டோமா?

ஹம்சா


பாலாநகர்
ஜனவரி 18

அப்பாவுக்கு,

கேரியர்ல சக்கரப் பொங்கல் வந்துச்சு, எள்ளுருண்ட வந்துச்சு. லெட்டர் வரல. அம்மாகிட்ட மரம் இருக்கான்னு கேட்டேன். "ஏம்மா, என்ன தபால்காரின்னு நெனச்சியா, ரேடியோன்னு நெனச்சியா"ங்கறா.

போன லெட்டர்ல கொஞ்சம் ஜாஸ்தியா எழுதிட்டேன். பொய் எழுதல. ஆனா ஜாஸ்தி.

குளிர் விட்டுடுச்சு. இன்னிக்கு மத்தியானம் ஸ்வெட்டர கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டேன். மொத ஆர்டர் வந்திருக்கு, மாரெட்பள்ளிலதான். நம்ம வீட்டுக்கு ரெண்டு தெரு பின்னாடி. அந்தப் பக்கம் வர மாட்டேன், பயப்படாதீங்க.

பதில் போடுங்க. திட்டியாவது.

ஹம்சா


மாரெட்பள்ளி
பிப்ரவரி 8

என் அன்புள்ள ஹம்சாவுக்கு,

உன் அம்மாவைக் கேட்டேன். கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது, பதில் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம். "டாக்டர் சொன்ன மறுநாளிலிருந்து நான் வெயிலில்தானே உட்காருகிறேன்" என்றாள். எங்கே என்றேன். நூர் முகமது வீட்டுப் படியில்! நான் காலையில் நடக்கப் போனதும் அவர் வீட்டம்மாவோடு பட்டாணி உரித்துக்கொண்டு, கீழ்வானத்து வெயில் மொத்தமும் முதுகில் விழ, தினமும். விரலும் தேவலையாம். டம்ளர் விழுந்ததற்கப்புறம் ஒன்றும் விழவில்லையாம். "ஏன் சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப மும்முரமாக இருந்தீர்கள்" என்றாள்.

மரம் வெட்டுகிறவன் வந்தான். வராண்டா பக்கம் சாய்ந்த ஒரு கிளையைக் கழிக்கச் சொன்னேன். வந்ததற்கு அவன் மனம் கோணக் கூடாதே. மரம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின் தெருவில் உன் வேலை நடந்த அன்று நான் அந்தப் பக்கம் வந்தேன். கீழே பால் பூத் ஓரம் நின்றேன். மேலே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, துப்பட்டாவைத் தலையில் கட்டி, இரும்பு பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். உன் மேஸ்திரி போதும் போதும் என்றும் நீ விடவில்லை. "அடியில அழுக்கு இருந்தா மேல அடிச்சு என்ன பிரயோஜனம், பாய்?" என்று கத்தினாய். தெருவுக்கே கேட்டது. காலேஜ் போன நாட்களில் உன் குரல் இவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை. கூப்பிடாமல் வந்துவிட்டேன். கூப்பிட்டால் திட்டுவேனோ அழுவேனோ என்று எனக்கே தெரியவில்லை.

நீ எழுதியதை எத்தனையோ முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன் என்கிறாய். ஆமாம். எனக்கு அந்தக் காரணங்கள் வேண்டியிருந்தன.

நீ இப்போது செய்வது சரியா என்று எனக்குத் தெரியாது, ஹம்சா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சேம்பரை வாரத்துக்கொரு தரம் திறந்து பார்த்தால் ரீடிங் கெட்டுவிடும் என்று உன்னை அன்றைக்கு அழவைத்தவன் நான். வீட்டில் உன்னைத் தினமும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இனி திறக்க மாட்டேன். சில வருஷம் போகட்டும்.

ரஹீம் பாயிடம் நாள் கேட்டுச் சொல். ஏணி வேண்டாம், கதவு திறந்திருக்கும். பாசி நிறைய இருக்கிறது.

போன் செய்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா


பாலாநகர்
பிப்ரவரி 14

அப்பாவுக்கு,

அடுத்த ஞாயித்துக்கெழம ரஹீம் பாயும் நானும் வர்றோம். மாடித் தொட்டி ரொப்பி வைங்க. அங்க காயற வடாம மொத நாளே எடுத்துடச் சொல்லுங்க அம்மாகிட்ட. உங்களுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டு வர்றேன், நீங்க கீழ நிக்க மாட்டீங்கன்னு தெரியும்.

பால் பூத் ஓரம் ஒரு பெரியவர் உன்னையே பாத்துட்டு நிக்கறாருன்னு பாய் அன்னிக்கே சொன்னாரு, நீங்கதான்னு புரிஞ்சுது. நான் திரும்பல. திரும்பியிருந்தா பிரஷ் நழுவியிருக்கும்.

நேத்து மத்தியானம் போன் பண்ணேன். நீங்க எடுக்கல. மறுபடி அடிச்சேன், எடுக்கல. சரி, பழைய கோவம்தான்னு நெனச்சு அம்மாவுக்கு அடிச்சேன். அவ சிரிக்கறா. போனை வராண்டாவிலயே வெச்சிட்டு, நாற்காலிய தூக்கிட்டு போய், சட்டைய கழட்டிட்டு புங்க மரத்தடில அசந்து தூங்கறீங்களாம். உள்ள புழுங்குதுன்னு.

ஒரு நாள வெச்சு எதுவும் சொல்லக் கூடாதுதான். ஆனா இது பிப்ரவரிப்பா.

ஹம்சா