கரண்டி தெரியும் வரை

கேன்டன் ரிட்ஜ், அலபாமா
நவம்பர் 27

அன்புள்ள டெரல்,

இருபது மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு தபால்தலை ஒட்டிக் கடிதம் போடும் பைத்தியங்கள் இந்த மாவட்டத்திலேயே நாம் இருவர்தான். ஆனாலும் பந்தயம் என்றால் பந்தயம். டிசம்பர் ஒன்றுக்கு முந்தைய தபால் முத்திரை இல்லாத கணிப்பு செல்லாது. மாற்றி எழுத வழியில்லாத ஒரே இடம் அந்த முத்திரைதான்.

என் கணிப்பு: இந்தக் குளிர்காலத்தில் ஆறு அங்குலப் பனி. சிரிக்காதே. பெர்சிமன் பழத்தின் விதையைப் பிளந்து பார்த்தேன், உள்ளே கரண்டி வடிவம். கரண்டி தெரிந்தால் வாசலில் பனியை அள்ள வேண்டிவரும், கத்தி தெரிந்தால் வெறும் வெட்டுகிற குளிர்தான் என்று உன் அம்மாவே சொல்வார்களே. நீ செய்து கொடுத்த வெள்ளைப் பலகையைப் புல்லில் போட்டுவிட்டேன். அதன்மேல் பனி விழ வேண்டும், நான் அளவுகோலை நட வேண்டும், படம் எடுக்க வேண்டும். ஆறு வருடமாக அந்த ஒரு படத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

இணையத்தில் என் வானிலைப் பக்கத்தை இப்போது பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள். நேற்று மளிகைக் கடையில் பில் போடும் பெண் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இந்தத் தடவ நெசமாவே வருமா கோல்பி, இல்ல போன வருஷம் மாதிரி ஊரையே ரொட்டியும் பாலும் வாங்க வச்சுட்டு வெயிலக் காட்டுவியா?" வரும் என்றேன்.

உன் வீட்டுக்காரி மோனிக்கை விசாரித்ததாகச் சொல். ஒரே கோழி ஆலை என்றுதான் பேர், அவளைப் பார்க்கவே முடிவதில்லை. அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதியம்.

உன்,
கோல்பி

—

ஹார்லன் மேடு
நவம்பர் 30

அன்புள்ள கோல்பி,

என் கணிப்பு பூஜ்யம். ஆறு வருடமாகப் பூஜ்யம்தான் எழுதுகிறேன், நாலு தடவை ஜெயித்திருக்கிறேன். எனக்கும் பனி ஆசை உண்டு. அதற்காகக் கரண்டி தெரியும் வரை விதைகளைப் பிளந்துகொண்டே இருக்க மாட்டேன். உண்மையைச் சொல், எத்தனை பிளந்தாய்?

உன் கடிதத்தை மோனிக்குக்குப் படித்துக் காட்டினேன். "வேலை நேரம் பூரா உறைகிடங்குல நின்னுட்டு வர்றவனுக்கு இன்னும் குளிரு வேணுமாக்கும்? எங்க வரிசைல வந்து எட்டு மணி நேரம் கோழிக்கு எலும்பெடுக்கச் சொல்லு, ஆசையெல்லாம் அடங்கிரும்" என்றாள்.

இன்னொரு விஷயம். அவளுக்கு ஆறு புள்ளி ஆகிவிட்டது. உனக்குத் தெரியாததா, ஒரு நாள் வராவிட்டால் ஒரு புள்ளி, ஏழு ஆனால் வேலை போச்சு. அதில் காய்ச்சலுக்கு மட்டும் இரண்டு, அவள் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட ஒன்று போட்டிருக்கிறார்கள். ஆலை வேன் ஓடாத நாளுக்கு மட்டும்தான் புள்ளி கிடையாது. வேன் ஓட்டும் எர்ல் உன் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். "பனின்னா மெதுவா உருட்டிக் கொண்டாந்துருவேன். உறைமழைன்னா விழுந்த தண்ணி ரோட்டுலயே ஐஸாயிரும், சாவியத் தொடவே மாட்டேன்" என்கிறார். ஆகவே ஆசையைக் கொஞ்சம் அடக்கி எழுது.

அன்புடன்,
டெரல்

—

கேன்டன் ரிட்ஜ்
ஜனவரி 23

அன்புள்ள டெரல்,

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. மோனிக்கின் கை எப்படி இருக்கிறது? வேன் மில் ஓடைப் பாலத்தில் கவிழ்ந்தது என்று கேட்டதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வரை வந்தேன். வண்டிக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பலகையில் பனி பூஜ்யம். உறைமழை முக்கால் அங்குலம். பந்தயம் உனக்குத்தான்.

வானம் ஏமாற்றிவிட்டது டெரல். ஐயாயிரம் அடி உயரத்தில் சூடான காற்று ஓர் அடுக்காக நுழைந்துவிட்டது. பனி அதில் விழுந்து உருகி மழையாகி, கீழே தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக உறைந்துவிட்டது. பெரிய பெரிய ஆட்களுக்கே கடைசிவரை பிடிபடவில்லை.

கோல்பி

—

ஹார்லன் மேடு
பிப்ரவரி 2

கோல்பி,

மூன்று விரல்கள் போய்விட்டன. வலது கை. கத்தி பிடிக்கிற கை. எர்லுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது.

ஆலையிலிருந்து ஒருவன் பழக்கூடையோடு வந்தான். "கடவுள் செயலும்மா இது. உறைமழைன்னு யாருக்குத் தெரியும்? உங்க கோல்பியே பனின்னுதான போட்டிருந்தாரு" என்றான். உன் பதிவை அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறான். யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு ஆலை பொறுப்பாகாதாம். அன்றைக்கு வராதவர்களுக்கெல்லாம் புள்ளி போட்டிருக்கிறார்கள். வேன்தான் ஓடியதே என்கிறார்கள். ஆமாம், பாலம் வரைக்கும் ஓடியது.

உன் பதிவை நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். "பனி மட்டுமே. சாலையைப் பற்றிப் பயம் வேண்டாம். அனுபவியுங்கள்."

ஒரே ஒரு கேள்வி. மதியம் மூன்றரைக்கு வரும் வானிலைக் கணிப்பு வரைபடங்களை நீ பார்க்காத நாள் கிடையாது. முந்தின நாளும் பார்த்திருப்பாய். அந்தச் சூடான அடுக்கு அவற்றில் இருந்ததா?

டெரல்

—

கேன்டன் ரிட்ஜ்
பிப்ரவரி 8

அன்புள்ள டெரல்,

வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, உனக்கே தெரியும். நான்கு வந்தால் நான்கும் நான்கு விதமாகச் சொல்லும். அதில் எதை நம்புவது? யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள்.

மோனிக்குக்கு என்ன வேண்டுமானாலும் சொல், செய்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, விறகு பிளக்க, எதுவானாலும்.

கோல்பி

—

ஹார்லன் மேடு
பிப்ரவரி 13

கோல்பி,

இருந்ததா என்று கேட்டேன். எதை நம்புவது என்று எழுதியிருக்கிறாய். பதில் கிடைத்துவிட்டது.

மோனிக்கிடம் படித்துக் காட்டினேன். விறகு என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு, "அவனுக்கு ஒரு படம் வேணும். அதுக்கு என் கைதான் கெடச்சுதா?" என்றாள்.

இனி எழுதாதே.

டெரல்

—

கேன்டன் ரிட்ஜ்
மார்ச் 4

டெரல்,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு.

இருந்தது. நான்கில் மூன்றில் இருந்தது.

விபத்துக்கு முந்தின நாள் மாலை, ஆலையின் ஷிப்ட் மேலாளர் ஹாலிஸ் கிடங்குக்கே வந்தான். "என்னப்பா வானிலை, நாளைக்குப் பனியா, உறைமழையா?"

"உறைமழைதான் சார்னு தோணுது."

"தோணுறதையெல்லாம் எழுதி ஊரப் பயமுறுத்தாத. அந்தக் கிழவன் வேன எடுக்க மாட்டான். வரிசை காலியாக் கெடக்கும். பனின்னு போடு."

ஆறு மணிக்குப் போனில் செய்தி அனுப்பி மறுபடி கேட்டான், போட்டாயிற்றா என்று. "இப்ப நிச்சயமாத் தெரியுது சார், உறைமழைதான்" என்று அனுப்பினேன். "பனின்னு போடு" என்று பதில் வந்தது. கோழி லாரிகளை மட்டும் அந்த மாலையே வரவழைத்துக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள். கோழி சறுக்கக்கூடாது, ஆள் சறுக்கலாம்.

ஹாலிஸ் மிரட்டினான் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவன் மிரட்டவில்லை. அவன் அப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, டெரல். இதை எழுத எனக்குக் கூசுகிறது. பதினோராயிரம் பேர் காத்திருந்தார்கள், நானும் காத்திருந்தேன், பனி என்று போடச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். எனக்குப் பிடித்த நாலாவது வரைபடத்தை எடுத்துப் போட்டேன். மோனிக்குக்கு ஆறு புள்ளி என்பதும், எர்ல் என் பக்கத்தைத்தான் பார்ப்பார் என்பதும் எனக்குத் தெரியும். உன் கடிதம் மேசை மேலேயே இருந்தது.

வேன் கவிழ்ந்த நேரத்தில் நான் பலகை முன்னால் மண்டியிட்டு, ஒரு வெள்ளைத் துகளாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஹாலிஸும் நானும் அனுப்பிக்கொண்ட செய்திகளை நேற்று உங்கள் வக்கீலிடம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இன்று ஆலையில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். இங்கே எழுதியதை அப்படியே பக்கத்திலும் எழுதினேன். வந்த ஏச்சுகளை எல்லாம் படித்து முடித்த பிறகுதான் பக்கத்தை மூடினேன்.

எத்தனை விதை என்று கேட்டாயே. ஒன்பது. முதல் எட்டிலும் கத்தி.

கோல்பி

—

ஹார்லன் மேடு
டிசம்பர் 5

கோல்பி,

வழக்கு முடிந்தது. தெரிந்தேதான் வேனை ஓட வைத்தோம் என்று ஆலை ஒப்புக்கொண்டது, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஹாலிஸை வேறு ஊர் ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் பெரிய வேலைக்கு. நீ அந்தச் செய்திகளைக் கொடுத்திருக்காவிட்டால் இதுவும் நடந்திருக்காது. நன்றி என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

வரும் 12ஆம் தேதி, வியாழன் காலை, மோனிக்குக்கு ஹன்ட்ஸ்வில்லில் இன்னொரு அறுவை சிகிச்சை. அதே பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். டிவியில் குளிர் அது இது என்கிறார்கள். சாலை எப்படி இருக்கும் என்று மூன்று பேரைக் கேட்கிறேன். நீ மூன்றாவது.

கேட்கச் சொன்னது மோனிக். "அவனுக்கு என்ன ஆசைன்னு எனக்கு வேணாம். என்ன தெரியும்னு மட்டும் எழுதச் சொல்லு" என்றாள்.

டெரல்

—

கேன்டன் ரிட்ஜ்
டிசம்பர் 7

டெரல்,

தெரியாது. வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இப்போதே தெரியும் என்று எவனாவது சொன்னால் அவன் என்னைப் போன்றவன், நம்பாதே.

புதன் மூன்றரைக்கு வரைபடங்கள் வந்ததும் நான்கையும் அச்செடுத்து, எனக்குப் பிடிக்காததை மேலே வைத்து, உன் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

கதவைத் தட்ட மாட்டேன்.

கோல்பி