இஞ்ச் டேப்பைத் தேடாதீங்க

என்னங்க, இஞ்ச் டேப்பைத் தேடாதீங்க, என் பையில இருக்கு. ஊரார் சட்டைக்கெல்லாம் அளவெடுக்கிற ஆள், மணிக்கொரு தரம் தன் கழுத்து நெறிக்கட்டியை அளந்துக்கிட்டு உட்கார்ந்தா நான் எங்க போய் முட்டிக்கிறது? தொண்டையில கிருமி புகுந்திருக்கு. அதோட சண்டை போட வெள்ளையணுக்கள் அந்தக் கட்டிக்குள்ளதான் பெருகுது, அதான் வீக்கம். பதினஞ்சு வருஷமா லேப்ல ரத்தம் பார்க்கிறவ சொன்னா உங்க காதுல ஏறாது. போற நேரம் வந்துடுச்சுன்னு உங்க அக்காவுக்கு ஃபோன் போட்டுட்டீங்க. நாலு மணிக்கு வர்றாங்க, நீங்களே பதில் சொல்லிக்குங்க. சூப் அடுப்பு மேல இருக்கு, சுடவெச்சுக் குடிங்க.

பின்குறிப்பு: நேத்து எடுத்த உங்க ரத்தத்துல பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு தடவை பார்த்தாலே போதும். நான் மூணு தடவை பார்த்தேன்.